பதினைந்து ஃப்ரேம் தாமதித்த விசில்

அந்தக் காட்சியில் கன்டெய்னரின் முனை டிரெய்லர் லாரியின் கேபினில் இடிக்கிறது. இடித்த பிறகு விசில் சத்தம் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே ஐந்து ஃப்ரேம். நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம் ஓடும் படத்தில் ஐந்து என்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதை ஆதாரமாகக் காட்டி சேவியர் என்ற சிக்னல்மேனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். படத்தையும் சத்தத்தையும் அந்த இடத்தில் பொருத்தியவள் நான்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால், ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே எங்கள் எடிட்டிங் அறை இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது கல்யாணம், மாதா கோயில் தேர்ப் பவனி, கம்பெனிகளின் பயிற்சிப் படம் என்று எது வந்தாலும் எடுக்கிறோம். கேமரா பாபு. எடிட்டிங் நான். எங்கள் அறைக்கு வேலை கற்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஆட்டோ சிங்க் இருக்கும்போது கிளாப் எதுக்கு மேடம்?" அதற்கு வாயால் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதி வைக்கிறேன்.

வேபிரிட்ஜ் மாடி

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு. புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்குக் காட்ட, பத்து நிமிடப் பாதுகாப்புப் படம் கேட்டிருந்தார்கள். கிரேன் கன்டெய்னரைத் தூக்கி டிரெய்லரில் வைப்பதை நிஜமாக எடுக்க வேண்டும். நடித்துக் காட்டுவது வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் அதுதான் பிடித்தது.

அங்கே சேஃப்டி ஆபீஸர் ராஜசேகர். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"கிரேன் ஓடும்போது வெளியாள் யாரும் அந்த மஞ்சக் கோட்டுக்கு உள்ள வரக்கூடாது மேடம்," என்றார். "சேஃப்டி படம் எடுக்க வந்தவங்களுக்கே அடிபட்டுச்சுன்னா என்னை வச்சு சிரிப்பாங்க."

பாபு அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப இன்னா சார், ரோட்ல நின்னு எடுக்கவா?"

"வேபிரிட்ஜ் ரூம் மொட்டை மாடி இருக்கே. அங்கேருந்து எல்லாம் தெரியும்."

லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜ், யார்டின் வாசல் பக்கம் இருந்தது. கிரேன் நின்ற இடம் யார்டின் மறுகோடியில். பாபு முணுமுணுத்துக்கொண்டே பெரிய லென்ஸை மாட்டி, ட்ரைபாடை மாடிக்குத் தூக்கிப் போனார். அங்கிருந்து பார்த்தால் சிக்னல்மேன் கட்டைவிரல் நகம் அளவுதான். லென்ஸ் வழியே பார்த்தால் அவர் வாயில் கடித்திருக்கும் விசிலின் நிறம்கூடத் தெரிந்தது.

சிக்னல்மேனின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். கிரேன் ஆபரேட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் இருப்பார். கீழே, கன்டெய்னருக்கு அடியில் நடப்பது அவருக்குத் தெரியாது. தரையில் நிற்கும் சிக்னல்மேன் கை அசைவால் ஏற்று, இறக்கு, மெதுவாக என்று சொல்வார். இரண்டு கைகளையும் விரித்து நீளமாக விசில் ஊதினால் உடனே நிறுத்த வேண்டும். கன்டெய்னர் தரைக்கு அருகே வந்துவிட்டால் அதுவே சிக்னல்மேனை மறைத்துவிடும். அப்போது கை பயன்படாது. விசில் மட்டும்தான்.

அவ்வளவு தூரத்தில் இருக்கும் கேமராவின் மைக்கில் காற்றும் லாரி ஹாரனும்தான் பதிவாகும். அதனால் தீப்பெட்டி அளவு ரெக்கார்டர் ஒன்றைச் சேவியரின் ஆரஞ்சு ஜாக்கெட்டில் மாட்டினேன். ராயபுரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பதினெட்டு வருடமாக இதே வேலை, மூன்று கான்ட்ராக்டர்களிடம்.

"இன்னாம்மா இது, தாயத்து மாதிரி கீது?" என்று குனிந்து பார்த்தார்.

"ரெக்கார்டர். நீங்க பேசறது, விசில் ஊதறது எல்லாம் இதுல பதிவாகும்."

"டிரைவருங்கள திட்டுறதுமா?"

"அதுவும்."

"அப்போ இன்னிக்கு ஒரு நாளு நா நல்லவன்," என்று சொல்லிவிட்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனார்.

படமும் சத்தமும் தனித்தனியாகப் பதிவாகும்போது, தொடக்கத்தில் கேமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டுவது வழக்கம். கிளாப் என்பது அதுதான். எடிட்டிங்கில் இரண்டு உள்ளங்கைகளும் சேரும் ஃப்ரேமைக் கண்டுபிடித்து, ரெக்கார்டரில் அந்தத் தட்டு விழுந்த இடத்தை அதற்கு நேராக வைத்தால் போதும். மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துவிடும்.

அன்று நான் கிளாப் எடுக்கவில்லை. சேவியரைக் கிரேன் அடியில் நிற்கவைத்து, ஒருமுறை தட்டச் சொல்லியிருந்தால் அந்த லென்ஸில் தெளிவாகத் தெரிந்திருக்கும். முதல் லாரி வந்துவிட்டது என்று ராஜசேகர் அவசரப்படுத்தினார். சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாவது பெட்டி

பதினோரு கன்டெய்னர்கள் ஒழுங்காக இறங்கின. பன்னிரண்டாவது இறங்கும்போது நான் மாடிப்படியில் நின்று பாபுவுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. இரும்பு நசுங்கும் சத்தமும் கேட்டது. எது முதலில் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

டிரெய்லர் சற்றுப் பின்னால் உருண்டு, தொங்கிக்கொண்டிருந்த பெட்டியின் முனையில் கேபின் போய் இடித்திருந்தது. பின் கண்ணாடி உடைந்து, டிரைவருக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல். அவரை ஆட்டோவில் ஏற்றிய பிறகு சேவியர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே நின்றுகொண்டிருந்தார். ரெக்கார்டரை நான்தான் கழற்றினேன்.

மாலை நான்கு மணிக்கு ராஜசேகர் போன் செய்தார். "அந்த ஒரு ஷாட்டை மட்டும் நல்ல சத்தத்தோட அனுப்பிடுங்க மேடம். மேனேஜர் கேக்கறார்."

ரெக்கார்டர் ஃபைலையும் கேமரா ஃபைலையும் டைம்லைனில் போட்டு ஆட்டோ சிங்க் கொடுத்தேன். கேமராவிலும் மங்கலாக ஒரு சத்தம் பதிவாகியிருக்கும் அல்லவா? அந்தச் சத்தத்தின் அலையையும் ரெக்கார்டர் சத்தத்தின் அலையையும் ஒப்பிட்டு, இரண்டு மேடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி சாஃப்ட்வேர் நகர்த்தி வைக்கும். வைத்தது. விசில் மேல் விசில், இடி மேல் இடி. துல்லியமாக இருந்தது. கேமரா சத்தத்தை மியூட் செய்துவிட்டு எக்ஸ்போர்ட் போட்டேன். இருபது நிமிட வேலை.

மறுநாள் மதியம் அதைக் கேன்டீன் டிவியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து பாபுதான் செய்தி கொண்டுவந்தார். "அக்கா, அந்த சிக்னல் அண்ணன நிறுத்தி வெச்சுட்டாங்களாம். வர்ற வியாழக்கெயம விசாரணையாம். அத்தோட ஆளு காலின்னு பேசிக்கிறாங்கோ."

"எதுக்கு?"

"நம்ம வீடியோவுலதான் தெரியுதாமே. கேமராவப் பாத்து கைய விரிச்சு ஸ்டைல் காட்டிட்டு, அப்பாலதான் விசிலு ஊதினாராம்."

"அவ்ளோ ஒண்ணா ஊதுவேன்"

சேவியர் மறுநாள் காலை எங்கள் அறைக்கு வந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. வேட்டி சட்டையில் அவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"யம்மா, அந்தத் தாயத்து என் நெஞ்சு மேலதானே இருந்துச்சு?" என்று உட்காராமலே கேட்டார்.

"ஆமாண்ணே."

"அப்போ நா இன்னா பண்ணேன்னு அதுக்குத் தெரியும். எனுக்கு ஒரு தபா போட்டுக் காட்டு."

போட்டேன். டிரெய்லர் சக்கரம் உருளத் தொடங்குகிறது. சேவியர் இரு கைகளையும் விரிக்கிறார். பெட்டியில் கேபின் இடிக்கிறது. விசில்.

அவர் திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "இது நா இல்ல."

"நீங்கதாண்ணே."

"ஆளு நான்தாம்மா. ஊதுனது நா இல்ல. கையத் தூக்கிட்டு அப்பாலிக்கா ஊதுற பழக்கமே எனுக்குக் கெடையாது. கையி வேற வாயி வேறன்னு யாருக்கானா இருக்குமா? அவ்ளோ ஒண்ணா ஊதுவேன்." இரண்டு கைகளையும் விரித்து 'ஊஃப்' என்று காற்றை ஊதிக் காட்டினார். மேசைமேல் இருந்த பில் ஒன்று பறந்தது.

பாபு சிரித்துவிட்டார். சேவியர் சிரிக்கவில்லை.

"கேன்டீனாண்ட போனா 'இன்னா ஹீரோ, அடுத்த படம் எப்போ'ன்றானுங்கோ. பதினெட்டு வருஷத்துல என் கையில ஒருத்தனுக்கு அடிபட்டதில்ல. இப்போ இந்த வயசுல எவன் என்னச் சேத்துக்குவான், சொல்லு? அந்த டிரைவரு பையன் மூஞ்சில எப்டி முயிப்பேன்?"

செய்தி மேசையில் இருந்தபோது இப்படிப் பலர் வந்திருக்கிறார்கள். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பார்கள். பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நிருபரின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அதையே இங்கும் செய்தேன்.

மற்றப் பதினோரு பெட்டிகளையும் வரிசையாகப் போட்டேன். ஒவ்வொரு பெட்டியும் டிரெய்லரில் உட்கார்ந்ததும் சேவியர் கைகளை விரித்து விசில் ஊதியிருந்தார். கை விரியும் ஃப்ரேமில் ஒரு குறி வைத்தேன். விசில் தொடங்கும் இடத்தில் ஒரு குறி. நடுவே எண்ணினேன்.

முதல் பெட்டி, பதினைந்து ஃப்ரேம். இரண்டாவது, பதினைந்து. மூன்றாவது, பதினைந்து. ஏழாவதில் மட்டும் பதினாறு. மற்றதெல்லாம் பதினைந்து. விபத்து நடந்த பன்னிரண்டாவதிலும் பதினைந்து.

ஒரு மனிதர் தாமதமாக ஊதினால் ஒருமுறை ஐந்து ஃப்ரேம் தாமதிப்பார், ஒருமுறை முப்பது தாமதிப்பார். காலையிலிருந்து மதியம் வரை பதினைந்து பதினைந்தாக யாராலும் தாமதிக்க முடியாது. அடுத்து, பெட்டி டிரெய்லரில் உட்காரும்போது எழும் 'டங்' சத்தத்தைப் பார்த்தேன். பெட்டி உட்கார்ந்து பதினைந்து ஃப்ரேம் கழித்துத்தான் அதுவும் கேட்டது. இரும்புக்குக் கேமரா முன்னால் ஸ்டைல் காட்டத் தெரியாது.

"சிங்க் தப்பு," என்றேன்.

"ஆட்டோல போட்டது எப்டிக்கா தப்பும்?" என்றார் பாபு.

கேமராவின் சொந்தச் சத்தத்தைத் திறந்து கேட்டோம். காற்றுக்கு நடுவே மங்கலாக விசில். அதுவும் கை விரிந்து பதினைந்து ஃப்ரேம் கழித்துத்தான் வந்தது. சாஃப்ட்வேர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. கேமராவிலேயே சத்தம் தாமதமாகத்தான் பதிவாகியிருந்தது. ஏன் என்று புரியாமல் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேவியர் ஜன்னலோரம் நின்று எங்களையே பார்த்தவர், சாதாரணமாகக் கேட்டார்: "நீ எங்க நின்னு புடிச்சே?"

"வேபிரிட்ஜ் மாடியில," என்றார் பாபு.

"அடப்பாவி. அங்கேர்ந்தா? அவ்ளோ தூரம் சத்தம் வர வேணாமா? காசிமேட்டுல கரைல குந்திகினு பாரு. போட்டுல சுத்தியால ஆணி அடிக்கிறவன் கை மேல போயிடும், அப்பாலதான் 'டொக்'குனு கேக்கும்."

மேசை விளக்கின் ஸ்விட்சை நான் போட்டு அணைத்தது நினைவிருக்கிறது. பள்ளியில் படித்த விஷயம். இடியும் மின்னலும் என்று எட்டாம் வகுப்பில் பரீட்சை எழுதியிருக்கிறேன். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பது மீட்டர் போகும். ஒரு ஃப்ரேமுக்குப் பதினான்கு மீட்டர். பதினைந்து ஃப்ரேம் என்றால் இருநூற்றுப் பத்து மீட்டர். செல்போன் வரைபடத்தில் வேபிரிட்ஜ் அறையிலிருந்து கிரேன் நிற்கும் இடம் வரை பாபு அளந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

கல்யாண மண்டபத்தில் கேமரா மணமேடையிலிருந்து பத்து மீட்டரில் நிற்கும். ஒரு ஃப்ரேம்கூட வராது. பல வருடமாக அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

ரெக்கார்டர் சத்தத்தைப் பதினைந்து ஃப்ரேம் முன்னால் தள்ளினேன். மீண்டும் ஓடவிட்டேன். சக்கரம் உருளத் தொடங்கிய பதினோராவது ஃப்ரேமில் கைகள் விரிகின்றன. அதே ஃப்ரேமில் விசில். இருபத்தொன்றாவது ஃப்ரேமில் கேபின் இடிக்கிறது. அதாவது சக்கரம் அசைந்து அரை நொடிக்குள் அவர் ஊதியிருக்கிறார். இடிப்பதற்குப் பத்து ஃப்ரேம் முன்பே.

"இப்போ நா," என்றார் சேவியர். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாடிக்கு வாருங்கள்

தவறு என்னுடையது என்று எழுதி, திருத்திய காட்சியோடு அன்றே யார்டுக்கு அனுப்பினேன். ராஜசேகர் போனில் வந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"முதல்ல ஒண்ணு அனுப்பினீங்க. அந்த ஆளு உங்க ஆபீஸ் வந்துட்டுப் போனப்பறம் இன்னொண்ணு அனுப்பறீங்க. நான் எதை நம்பறது மேடம்?"

"ஒரிஜினல் ஃபைல் ரெண்டும் தரேன் சார்."

"கேமரா ஒரிஜினலை அன்னிக்கே பாபுகிட்ட காப்பி வாங்கிட்டேன். நேத்து பாத்துட்டேன். நீங்க கை வைக்காத ஃபைல். அதுலயும் விசில் லேட்டாத்தான் வருது."

அவர் சொன்னது உண்மை. கை வைக்காத ஃபைல்தான் எல்லோரும் நம்புவது. எனக்கும் பத்திரிகையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கை வைக்காத ஃபைல் தவறு, கை வைத்ததுதான் சரி என்று போனில் ஒருவருக்கு எப்படிப் புரியவைப்பது? கணக்குப் போட்டுக் காட்டினால் எடிட்டர் கணக்கு என்பார்கள்.

விசாரணை வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது. மேனேஜர் அறையில் ஏ.சி. ஓடியது. மேனேஜருக்கு ஓய்வு பெறும் வயது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கண்ணாடியைத் துடைப்பார். சேவியர் சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. "சார், கிரேன் இப்ப நிக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் வேபிரிட்ஜ் மாடிக்கு வரமுடியுமா?" என்றேன்.

மேனேஜர், ராஜசேகர், நான் மூவரும் ஏறினோம். கைப்பிடிச் சுவரில் சிமென்ட் தூசி. சேவியரும் பாபுவும் யார்டின் மறுகோடிக்கு நடந்து போனார்கள். அன்று நின்ற அதே இடத்தில் சேவியர் நின்றார். போனில் பாபுவிடம் சொன்னேன். பாபு அவர் தோளில் தட்டினார்.

கைகள் விரிந்தன. பிறகு விசில் வந்தது.

"இன்னொரு தடவை," என்றார் மேனேஜர்.

கைகள். விசில்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ராஜசேகர் மெல்லச் சொன்னார்: "சார், அவர் வேணும்னே லேட்டா ஊதலாம் இல்லையா?"

நியாயமான சந்தேகம். நான் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. அதற்குள் மேனேஜரே என் போனை வாங்கினார். "தம்பி, பக்கத்துல காலிப் பெட்டி இருக்கு பாருங்க. எதாவது இரும்பை எடுத்து அது மேல அடிங்க. ஓங்கி."

பாபு கீழே கிடந்த ஒரு கம்பியை எடுத்தார். இரண்டு கையாலும் ஓங்கினார். கம்பி பெட்டியில் பட்டது எங்களுக்குத் தெரிந்தது. யார்டில் சத்தமே இல்லை. கம்பி திரும்ப மேலே எழுந்தபோது 'டங்' என்று வந்து சேர்ந்தது.

ராஜசேகர் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். "இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்க," என்றார். இப்போது கேட்டது அவர். மூன்று முறை அடிக்க வைத்தார். மூன்றாவது முறை வாய்க்குள் எண்ணினார்.

மேனேஜர் அதோடு விடவில்லை. மாடியிலிருந்து இறங்கி, வெயிலில் யார்டின் குறுக்கே நடந்து, சேவியருக்கு எதிரே இரண்டடியில் போய் நின்றார். "இப்ப ஊதுங்க."

கையும் விசிலும் ஒன்றாக வந்தன. மேனேஜர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து காதைப் பொத்திக்கொண்டார்.

"சார், பக்கத்துல இவ்ளோ கிட்டக்க நிக்காதீங்கோ, காது பூடும்," என்றார் சேவியர்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் மேனேஜர் திருத்திய காட்சியை லேப்டாப்பில் பார்த்தார். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தச் சொன்னார். சக்கரம் அசையத் தொடங்கும் ஃப்ரேமில் நிறுத்தச் சொல்லி, திரையில் விரல் வைத்தார். "பெட்டி இறங்கும்போது டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கணுமே. எங்க காணோம்?"

அந்தக் கேள்வி ஆறு நாளாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எல்லோரும் விசிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்க்க வைத்தது என் சிங்க்.

ராஜசேகர் முதலில் பேசினார். "கட்டை வாங்கித் தரணும்னு போன மாசம் நான் எழுதியிருக்கணும் சார். எழுதல." அவ்வளவுதான். அவரை இந்த இடத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கொடுத்ததை அவர் நம்பினார். கண் முன்னால் வேறாகத் தெரிந்ததும் தன் பங்கைச் சொன்னார்.

அதே திரை, அதே நேரம்

சேவியரை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் வேலை அதோடு முடிந்தது என்று பாபு நினைத்தார். நான் ராஜசேகரிடம் ஒன்று கேட்டேன்: திருத்திய காட்சியைக் கேன்டீனில் போட வேண்டும்.

"எல்லா சூப்பர்வைசருக்கும் மெயில்ல அனுப்பிட்டேனே மேடம்."

"முதல் வீடியோவை மெயில்லயா காட்டினீங்க?"

நாளிதழில் முதல் பக்கத்தில் பிழை செய்துவிட்டு, எட்டாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி 'திருத்தம்' போட்டிருக்கிறோம். அதை நானே எழுதியிருக்கிறேன். பிழையைப் படித்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் படித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இந்தமுறை, பிழை ஓடிய அதே டிவியில், அதே சாப்பாட்டு நேரத்தில் திருத்தமும் ஓட வேண்டும் என்று நின்றேன். ராஜசேகர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

காட்சிக்கு முன்னால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இப்படிப் போட்டேன்: 'முன்பு இங்கே காட்டிய வீடியோவில் சத்தம் பதினைந்து ஃப்ரேம் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. பிழை எடிட்டருடையது. விசில், மோதலுக்கு முன்பே ஊதப்பட்டது.' அதைப் படித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று பாபுவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதைவிட நான்கு நொடி கூடுதலாக வைத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆட்டோ சிங்க் சத்தத்தைச் சத்தத்தோடு பொருத்தும். படத்தோடு பொருத்துவது நம் வேலை. கேமரா பதினைந்து மீட்டருக்கு அப்பால் நின்றால் தூரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் பிறக்கும் இடத்தில், லென்ஸுக்குத் தெரியும்படி ஒரு கிளாப் எடுங்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் தட்டலோடு ரெக்கார்டர் சத்தத்தைச் சேருங்கள், கேமராவின் சத்தத்தோடு சேர்க்காதீர்கள். ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டால் போதாது. இன்னும் இரண்டு இடத்தில் பாருங்கள். நீங்கள் அனுப்பும் ஃபைலை யார் பார்ப்பார்கள், பார்த்து என்ன முடிவெடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் போட்டார்கள். பாபுவும் நானும் கை கழுவும் தொட்டியோரம் நின்றோம். முதலில் எழுத்து வந்தது. சிலர் சாப்பிடுவதை நிறுத்திப் படித்தார்கள், சிலர் பக்கத்து ஆளைப் படிக்கச் சொன்னார்கள். காட்சி இரண்டு முறை ஓடியது. முதல் முறை பழையபடி, இரண்டாம் முறை சரியாக.

பின்வரிசையில் ஒருவர் சோற்றுக் கையோடு எழுந்தார். "டேய், அப்போ ஹீரோ கரீட்டாத்தான்டா ஊதிக்கிறாரு."

"நீதானே மொதல்ல அவர ஹீரோன்னு கலாய்ச்சே?" என்றார் எதிரே இருந்தவர்.

"அதுக்கு இன்னா இப்போ? நேர்ல பாத்தா சொல்லிடுறேன். எங்க ஆளு, சாப்புட வர்லியா?"

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"ரெண்டு வண்டி பாக்கி கீதாம். முட்டுக்கட்டை வெக்கச் சொல்லி டிரைவருங்கள திட்டிகினு கீறாரு."